நிக்கான் 180-600: அமெச்சூர் கோல்ஃப் போட்டிகளுக்காக வாங்கிய லென்ஸ்

நிக்கோர் இசட் 180-600 மி.மீ. லென்ஸை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பறவைகளைத் தேடிப் போகிறவர்கள். சேலத்தில் அவர்களைப் பார்க்க வேண்டுமானால், விடியற்காலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குப் போனால் போதும். நான் இதை வாங்கியது கோல்ஃப் போட்டிகளைப் படமெடுப்பதற்காக. அதிலும் பரிசுப் பணமோ தொலைக்காட்சியோ இல்லாத, கிளப் உறுப்பினர்களும் நண்பர்களும் வார இறுதியில் ஆடுகிற அமெச்சூர் போட்டிகளை. ஆகவே லென்ஸின் கூர்மையைச் சோதனைப் பலகையில் அளந்து சொல்லும் மதிப்பீட்டை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். நான்கைந்து மணி நேரம் மைதானத்தில் சுமந்து நடக்கும்போது இது என்ன தருகிறது, எதில் தடுமாறுகிறது, ஆட்டத்தைப் பற்றி எதைக் காட்டிக்கொடுக்கிறது என்பவையே என் அக்கறை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் மட்டை பந்தைத் தொடும் கணத்தைப் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம். அதற்கு முந்தைய அரை நிமிடத்துக்காகவும் பிந்தைய இரண்டு நொடிகளுக்காகவும் வாங்குங்கள். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறைவாக இருந்தால் நல்லது) இருபதைத் தாண்டிய ஆட்டக்காரன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். நிக்கானின் இசட் வகை மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2023-இல் வெளிவந்த லென்ஸ் இது. 180 மி.மீ. முனையில் அதிகபட்ச அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறிது) எஃப் 5.6, 600-க்குப் போகும்போது எஃப் 6.3. முக்காலியில் பொருத்தும் வளையத்தையும் சேர்த்து எடை 2,140 கிராம். முன்பக்க ஃபில்டரின் அளவு 95 மி.மீ. ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாது. கண்ணாடிகள் உள்ளேயே நகரும். 180-லிருந்து 600-க்குச் செல்ல ஜூம் வளையத்தை ஏறக்குறைய 70 பாகை திருப்பினால் போதும். பறவை எடுப்பவர்கள் பெரும்பாலும் 600-லேயே நின்றுவிடுவதால் கடைசி இரண்டு விவரங்களைப் பெரிதாக நினைப்பதில்லை. கோல்ஃபில் அவைதாம் முதன்மையானவை. ஆட்டம் தொடங்கும் இடமான டீயில் நிற்பவரை முழு உருவமாகவும், அடுத்த நொடியில் அவர் முகத்தை மட்டும் நெருக்கமாகவும் எடுக்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டின் ஒரே திருப்பில் அது முடிகிறது. நிக்கானின் பழைய 200-500 லென்ஸ் (2015-இல் வந்தது, எடை 2,300 கிராம்) ஜூம் செய்யச் செய்ய முன்னே நீண்டுகொண்டே போகும். மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) பொருத்தியிருந்தால் எடை முன்பக்கம் சாயும். அதைவிட முக்கியம், பந்தின் மீது கண் வைத்திருக்கும் ஆட்டக்காரரின் பார்வை ஓரத்தில் ஒரு கறுப்புக் குழல் நீள்வதும் சுருங்குவதும் அவருக்குப் பிடிக்காது.

படமெடுப்பவர் எங்கே நிற்கலாம் என்பதிலிருந்துதான் கோல்ஃப் படத்தின் எல்லாச் சிக்கல்களும் தொடங்குகின்றன. தொழில்முறைப் போட்டிகளில் கயிறு கட்டியிருப்பார்கள்; நிற்க வேண்டிய இடத்தைச் சொல்ல ஆள் இருப்பார். அமெச்சூர் போட்டியில் கயிறும் இல்லை, ஆளும் இல்லை. பந்துக்கும் இலக்குக்கும் இடையிலான கோட்டின் நீட்சியில், ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் அருகில் நிற்கக் கூடாது. நிழல் பந்தின் மீதோ பட் செய்யும் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும்) பாதையின் மீதோ விழக் கூடாது. அவர் பந்துக்கு நேராக நின்று மட்டையைத் தரையில் வைத்த பிறகு அசையக் கூடாது. இவற்றையெல்லாம் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மீறினால் மட்டும் முகத்தில் தெரியும். இங்கேதான் நீண்ட லென்ஸ் உதவிக்கு வருகிறது. செங்குத்தாகப் பிடித்த கேமராவில் 180 மி.மீ. முனையில் 15 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் மூன்று மீட்டர் உயரம் ஃபிரேமுக்குள் அடங்கும். 600 முனையில் 50 மீட்டரிலிருந்து எடுத்தாலும் அதே மூன்று மீட்டர்தான். ஓங்கிய மட்டையோடு ஓர் ஆள் முழுதாக அடங்குவதற்கு அது போதும். ஆனால் 15 மீட்டரில் நிற்பவரை ஆட்டக்காரர் பொறுத்துக்கொள்கிறார். 50 மீட்டரில் நிற்பவரை மறந்துவிடுகிறார். மறந்துவிட்ட ஆட்டக்காரரின் படத்தில்தான் அவருடைய உண்மையான ஆட்டம் இருக்கிறது. 1895-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் மைதானத்தில் காட்டுமாடுகள் மேய்வதுண்டு என்பதால், அங்கே தள்ளி நிற்பதற்கு மரியாதையைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த லென்ஸை எந்தக் கேமராவில் பொருத்துகிறோம் என்பது கோல்ஃபில் லென்ஸுக்கு இணையான கேள்வி. ஷட்டர் சத்தம் எழுப்பும் கேமராவாக இருந்தால், மட்டை பந்தைத் தொட்ட பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஓங்கும்போது கேட்கும் ஒரு ‘கிளிக்’ ஒரு முழுச் சுற்றின் மனநிலையைக் கெடுத்துவிடும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் வந்த பிறகு இந்தத் தடை நீங்கியது, ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. வாசிப்பு மெதுவாக நடக்கும் கேமராக்களில், மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டை வெகுதூரம் போய்விடுவதால், நேரான தண்டு வில்லாக வளைந்து படத்தில் விழுகிறது. தண்டு உண்மையிலேயே சற்று வளையக்கூடியதுதான், பந்தை நெருங்கும்போது அதன் நுனி முன்னோக்கிச் சாயவும் செய்யும். ஆனால் வாட்ஸ்அப்பில் உலவும் அந்த வாழைப்பழ வளைவு ஆட்டக்காரரின் பலத்தால் வந்ததன்று, சென்சாரின் மெத்தனத்தால் வந்தது. நான் பயன்படுத்தும் நிக்கான் இசட் 8 கேமராவில் இயந்திர ஷட்டரே கிடையாது. சென்சாரின் வாசிப்பு மிக வேகமானது என்பதால் தண்டு ஏறத்தாழ நேராகவே வருகிறது. குறைந்த விலைக் கேமராவில் இந்த லென்ஸைப் பொருத்தப் போகிறவர்கள், படத்தில் தெரியும் தண்டின் வளைவை வைத்து யாருடைய ஸ்விங்கையும் (மட்டை வீச்சையும்) எடைபோட வேண்டாம்.

இனி, எல்லோரும் கேட்கும் அந்தக் கணத்துக்கு வருவோம். மட்டையின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சராசரி ஆண் அமெச்சூர் ஒருவர் டிரைவர் எனும் நெடுந்தூர மட்டையைச் சுழற்றும் வேகத்தை மணிக்கு 150 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மட்டைத் தலை நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் நகர்கிறது. இசட் 8 நொடிக்கு 20 ரா படங்கள் (சென்சார் தந்தபடியே சேமிக்கப்படுபவை) எடுக்கும். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மட்டைத் தலை இரண்டு மீட்டர் போய்விடுகிறது. ஜேபெக்கில் நொடிக்கு 30 என்று மாற்றினாலும், அளவைக் குறைத்து 120-க்கு ஏற்றினாலும், மட்டை சரியாகப் பந்தின் மேல் இருக்கும் படம் கிடைப்பது அதிர்ஷ்டமே. கிடைத்தாலும் அது எதைச் சொல்கிறது? 2,000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில்கூட மட்டைத் தலை இரண்டு சென்டிமீட்டர் இழுபட்டிருக்கும். முகம் இரண்டு பாகை திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதை அந்த மங்கலில் யாராலும் அளக்க முடியாது. பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதோ அந்த இரண்டு பாகைதான். கைகள் பந்துக்கு முன்னே இருக்கின்றனவா, பின்னே இருக்கின்றனவா என்பது ஓரளவு தெரியும். அயர்ன் மட்டையில் (நடுத்தர, குறுகிய தூரங்களுக்கானது) முன்னே இருக்க வேண்டும், பலருக்குப் பின்னேதான் இருக்கிறது. அவ்வளவுதான். பந்தை அடிக்கும் கணத்தைப் பிடித்துத் தாருங்கள் என்று கேட்கிறவர்களுக்கு எடுத்துத் தருகிறேன், அழகான படம், ஆட்டம் கற்க உதவாத படம்.

உதவுவது அதற்கு முந்தைய படம். ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றின் பங்களாவை ஒட்டிய புல்வெளியில் எங்கள் நண்பர் குழு தனக்கென ஒரு குட்டை மைதானம் வகுத்துக்கொண்டு அவ்வப்போது போட்டி நடத்துகிறது. சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், சரிவு அதிகம், மிக நீளமான குழியே (டீயிலிருந்து குழியில் நட்ட கொடி வரை) சுமார் நூற்றைம்பது மீட்டர்தான். அங்கே எல்லோரிடமும் அனுமதி கேட்டுவிட்டு, டீக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் ஏறிப்போய் மரத்தடியில் உட்கார்ந்து, இலக்குக் கோட்டின் நீட்சியிலிருந்தே படமெடுக்க முடிகிறது. இந்த லென்ஸ் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இதுவே. ஐந்து மீட்டர் பின்னால் நின்று செல்போனில் எடுத்தால் ஆட்டக்காரர் பெரிதாகவும், கொடி கண்ணுக்குத் தெரியாத புள்ளியாகவும் விழும். ஆளைவிட முப்பது மடங்கு தொலைவில் கொடி இருப்பதுதான் காரணம். ஐம்பது மீட்டர் பின்னால் போய்விட்டால் கொடி ஆளைவிட நான்கு மடங்கு தொலைவில்தான் இருக்கிறது. 600 முனையில் இரண்டும் ஒரே சட்டத்துக்குள், நெருங்கி நிற்கின்றன. குவியத்தின் ஆழம் (கூர்மையாகத் தெரியும் பகுதி) அந்தத் தூரத்தில் இரண்டரை மீட்டரைச் சற்றே தாண்டும் என்பதால் கொடி மங்கலாகத்தான் விழும்; இருந்தாலும் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும், பாதங்கள் எங்கே பார்க்கின்றன என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

பாதங்கள் பார்க்க வேண்டியதைவிட வலப்புறம் பார்க்கின்றன. வலக்கை ஆட்டக்காரர்களில் நான் படமெடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இதே கதைதான். பாதங்களையும் தோள்களையும் இணைக்கும் கோடு, பந்திலிருந்து கொடிக்குச் செல்லும் கோட்டுக்கு இணையாக, அதற்கு இடப்புறமாகப் போக வேண்டும். அவர்களோ உடம்பையே கொடிக்கு நேராகத் திருப்பிவிடுகிறார்கள். பந்து உடம்புக்கு வலப்புறம் இருப்பதால் மட்டையின் முகம் கொடியைத் தாண்டி வலப்பக்கம் பார்க்கிறது. சிலர் அதையும் மிஞ்சி, தோள்களை மரக்கூட்டத்தை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, கொடியைக் குறிவைத்திருப்பதாக நம்புகிறார்கள். உடம்பு இந்தக் கோணலை உணர்ந்து, இறங்கும்போது மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுத்துப் பந்தை இடப்புறம் கொண்டுவரப் பார்க்கிறது. பயிற்சியாளர்கள் பல மாதங்கள் திருத்தப் பாடுபடும் அந்தக் குறுக்கு வெட்டு, பலரிடம் ஸ்விங்கில் பிறந்த குற்றமே அன்று; நிற்கும் கோணத்தில் பிறந்து ஸ்விங்கால் ஈடுகட்டப்படுவது. எதிரே நின்று எடுத்த ஆயிரம் படங்களில் தெரியாத இது, பின்னாலிருந்து எடுத்த ஒரு படத்தில் தெரிந்துவிடுகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: கேமரா அந்தக் கோட்டிலிருந்து ஓரிரண்டு அடி விலகினாலும், சரியாக நிற்பவரும் கோணலாக நிற்பவராகத் தெரிவார். ஸ்விங்கின் தளத்தைப் பற்றிப் படத்தை வைத்து வாதிடுகிறவர்கள், படமெடுத்தவர் எங்கே நின்றார் என்பதை முதலில் விசாரிப்பது நல்லது.

நிற்பதற்கு முந்தைய நொடிகளும் படமெடுக்கத் தக்கவை. 600 முனையில் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தால், நன்றாக ஆடுகிறவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு மட்டையைத் தூக்கும் முன்பே தெரிகிறது. ஒற்றை இலக்க ஹேண்டிகேப் உள்ளவர் பந்துக்குப் பின்னால் நின்று தூரத்தில் ஒன்றைத் தேர்ந்து பார்க்கிறார், நடந்து வருகிறார், நிற்கிறார், மறுபடி அதையே பார்க்கிறார், அடிக்கிறார். முதல் குழியிலும் பதினேழாம் குழியிலும் இந்த வரிசை மாறுவதில்லை. எனக்கோ அடுத்து எப்போது பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மனப்பாடமாகிவிடுகிறது. மற்றவர்களிடம் அந்த வரிசை குழிக்குக் குழி மாறுகிறது. முந்தைய பந்து நீரில் விழுந்திருந்தால் பத்து நொடியில் அடித்துவிடுகிறார். முன்னால் நிற்கும் குழு தாமதித்தால் நான்கு முறை பயிற்சி வீச்சு வீசுகிறார். எப்போது அடிப்பார் என்று படமெடுப்பவனால் ஊகிக்க முடியாத ஆட்டக்காரரின் ஸ்கோர் கார்டை நான் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக இசட் 8-இல் உள்ள ஒரு வசதியைச் சொல்ல வேண்டும்: பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், முழுதாக அழுத்துவதற்கு முந்தைய ஒரு நொடி வரையிலான படங்களையும் ஜேபெக்காகச் சேமித்துத் தருகிறது.

அடித்த பிறகு வரும் இரண்டு நொடிகளில் லென்ஸின் குவியம் எப்படி நடந்துகொள்கிறது என்பது முக்கியம். கைகளும் தண்டும் முகத்துக்குக் குறுக்கே சுழன்று போகும்போது சில லென்ஸ்கள் குழம்பிப் பின்னணிக்குத் தாவும். இது, கண்ணைக் கண்டுபிடிக்கும் முறையில் வைத்திருந்தால், பெரும்பாலும் முகத்தை விடுவதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது வலது காலணியை. வலக்கை ஆட்டக்காரர் சரியாக முடித்திருந்தால் எடை முழுதும் இடக்காலுக்குப் போயிருக்கும். வலது குதிகால் எழுந்து, பாதம் விரல் நுனியில் நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் காலணியின் அடிப்பாகம், அதில் ஒட்டிய புல் உட்பட, தெரியும். இடுப்பு வாரின் கொக்கி இலக்கை நோக்கும். அடிப்பாகம் தெரியாத படங்களே அதிகம். பந்தை மேலே தூக்க வேண்டும் என்ற ஆசையில் உடம்பைப் பின்னே சாய்த்து, எடையை வலக்காலிலேயே வைத்துக்கொண்டு அடித்த படங்கள் அவை. மட்டையின் முகச் சாய்வு பந்தைத் தூக்கிக்கொள்ளும் என்பதை எல்லோரும் வாயால் ஒப்புக்கொள்கிறார்கள். வலக்கால்தான் நம்ப மறுக்கிறது.

தலையைப் பற்றிப் பரவியிருக்கும் அறிவுரைக்கும் இந்தப் படங்கள் இடம் கொடுப்பதில்லை. பந்து கோணலாகப் போன மறுகணமே உடன் ஆடுகிறவர்கள் “தலையைத் தூக்கிட்டீங்க சார்” என்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களான அன்னிகா சோரன்ஸ்டாமும் டேவிட் டூவாலும் பந்தைத் தொடும்போதே முகத்தை இலக்குப் பக்கம் திருப்பிவிடுகிறவர்கள். அப்படியே அவர்கள் உலகத் தரவரிசையின் முதலிடத்தில் இருந்திருக்கிறார்கள். எங்கள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், தலை தானாக எழுவதில்லை. இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளப்பட்டு, முதுகு நிமிர்ந்து, அதனோடு தலையும் ஏறுகிறது. தலையைப் பிடித்து வைக்க முயல்வது பயனற்றது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நொடிக்கு இருபது என்ற கணக்கில் எடுத்த நான்கு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் சொல்லவே வேண்டியதில்லை.

பங்கர் (மணல் பள்ளம்) படங்கள் வேறு வகையானவை. மணல் சிதறுவதால் படமெடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்தமானவை; இந்த லென்ஸில் 400 மி.மீ. வாக்கில் 2,500-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் மணல் துகள்கள் தனித்தனியாக நிற்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாத ஒன்று அதில் தெரிகிறது: நன்றாக அடித்த பந்துக்கும் மட்டைக்கும் இடையில் ஒரு மணல் திரை இருக்கிறது. மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறங்கி, மணலோடு பந்தையும் வெளியே அனுப்புகிறது. பந்தைத் தொடுவதே இல்லை. தவறிய அடிகளின் படங்கள் இரண்டு விதம். ஒன்றில் மட்டை மணலைத் தொடாமல் பந்தின் வயிற்றில் நேராக அடித்து, பந்து கிரீனை (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையை) தாண்டிப் பறக்கிறது. மற்றதில் மட்டை மணலுக்குள் இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. கைகள் இடுப்பைக்கூடத் தாண்டியிருக்காது, முகம் மட்டும் கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது வகையே அதிகம். பயந்து நிறுத்துகிறார்கள்.

கிரீனுக்கு வந்தால் 180 முனையே போதும்; சில சமயம் அதுவும் அதிகம். இங்கே எனக்குக் கிடைத்த பாடம் லென்ஸிலிருந்து வந்ததைவிட, கேமராவின் காட்சித்திரையில் தெரியும் கிடைமட்டக் கோட்டிலிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலைச்சரிவில் கண் ஏமாறுகிறது. சேர்வராயன் மலை போன்ற இடத்தில் சுற்றியுள்ள எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், அந்தச் சாய்வையே சமதளமாகக் கண் எடுத்துக்கொள்கிறது. எங்கள் புல்வெளியில் ‘நேர் பட்’ என்று எல்லோரும் சத்தியம் செய்யும் ஓர் இடத்தில் முட்டியளவு உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்திக் கிடைமட்டக் கோட்டை வைத்துப் பார்த்தால், தரை பள்ளத்தாக்கின் பக்கம் தெளிவாகச் சரிந்திருக்கிறது. மலை மைதானத்தில் பந்து கண் சொல்வதைவிட அதிகமாகப் பள்ளத்தாக்கை நோக்கிப் போகும் என்று ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடிகள் சொல்வதற்குப் பின்னால் உள்ள உண்மை இதுவே. தாழ உட்கார்ந்து, பள்ளமான பக்கத்திலிருந்து கிரீனைப் பார்ப்பவருக்கு இது கேமரா இல்லாமலே புலப்படும். நின்றபடி, பந்துக்குப் பின்னாலிருந்து மட்டும் பார்ப்பவருக்குப் புலப்படாது. சுற்றின் நடுவே சரிவை அளக்கும் கருவியைப் பயன்படுத்த விதிகள் ஆட்டக்காரருக்கு இடம் தருவதில்லை என்பதால், இந்தக் கோட்டை யாருக்கும் காட்டாமல் இருப்பது படமெடுப்பவரின் கடமை.

இதோடு தொடர்புடைய இன்னொரு விதியும் உண்டு. போட்டிச் சுற்றின்போது ஆட்டக்காரர் தம் கேடியையோ கூட்டாளியையோ தவிர வேறு யாரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது. கேட்டால் தண்டனை உண்டு. ஒன்பதாம் குழியில் தேநீருக்காக நிற்கும்போது, “என் ஸ்விங் எப்படி வந்திருக்கு, காட்டுங்க” என்று கேட்கிறவர் ஆவலில்தான் கேட்கிறார். ஆனால் காட்டினால் சிக்கல் அவருக்கு. பதினெட்டாம் குழி முடிந்து ஸ்கோர் கார்டு கையெழுத்தான பிறகே எல்லாப் படங்களும் என்று முதல் டீயிலேயே சொல்லிவிடுகிறேன். தவறிப் பந்து நம்மீதோ லென்ஸ் மீதோ பட்டுவிட்டால் அடித்தவருக்குத் தண்டனை இல்லை. பெரும்பாலும், பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆட வேண்டியதுதான். லென்ஸுக்கு நேரும் சேதத்தைப் பற்றிக் கோல்ஃப் விதிகள் எதுவும் சொல்வதில்லை.

குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் நடக்கும் போட்டிகளில் படமெடுப்பவருக்கு ஒரு நட்டம் இருக்கிறது. புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் ஆட்டக்காரர் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். கிரீனுக்கு வெளியே குறிபார்த்துக் காத்திருந்தவனுக்கு எதுவும் மிஞ்சாது.

லென்ஸின் குறைகளுக்கு வருகிறேன். எஃப் 6.3 என்பது நல்ல வெளிச்சத்துக்கான அப்பர்ச்சர். கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ மூடுபனி இறங்கினால், 2,000-இல் ஒரு பங்கு வேகத்தைக் காக்க ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 6,400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் மணல்தன்மை கூடும். பனிக்குள் 600 முனையில் எந்த லென்ஸாலும் கூர்மையைத் தர முடியாது. சேலத்தில் சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் அனல் அலை, நூறு மீட்டர் தள்ளி இருக்கும் எதையும் நெளியவைக்கிறது. புதிதாக வாங்கிய லென்ஸை நண்பகலில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் சோதித்துவிட்டுக் கூர்மை இல்லை என்று முடிவுகட்டுகிறவர்கள், அதே சோதனையை விடியற்காலையில் மூக்கனேரிக் கரையில் செய்து பார்க்கலாம். செட்டிபாளையத்தில் உள்ள கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப் போன்ற சமவெளி மைதானங்களிலும் இதே காரணத்தால், காலையில் முதல் குழுக்களோடு நடப்பதுதான் படத்துக்கு நல்லது.

எடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கேமராவையும் சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. பதினெட்டுக் குழி என்பது ஆறேழு கிலோமீட்டர் நடை. மலை மைதானமானால் ஏற்ற இறக்கம் தனி. மோனோபாட் இல்லாமல் இதைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். லென்ஸில் உள்ள நடுக்கம் தணிக்கும் வசதி, நிற்கும் ஆட்டக்காரரை எடுக்கும்போது உதவுகிறது; மட்டை சுழலும்போது அதற்கு வேலை இல்லை. தாங்கு வளையத்தின் பாதம் பரவலாகப் பயன்படும் ஆர்க்கா வகைப் பிடிக்கு நேரடியாகப் பொருந்தாது; தனியாக ஒரு தகடு வாங்கித் திருக வேண்டும் அல்லது பாதத்தையே மாற்ற வேண்டும். இந்த விலையில் இதைச் சேர்த்தே கொடுத்திருக்கலாம். ஏற்காட்டின் ஈரக்காற்றில் சில நாட்கள் வைத்திருக்க நேர்ந்தால், காற்றுப்புகாப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். கண்ணாடிக்குள் பூஞ்சை படிந்தால் துடைத்து எடுக்க முடியாது.

விலை ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கேமரா அதைவிட இரண்டு மடங்கு. கோல்ஃபுக்காக மட்டும் இவ்வளவு செலவிடுவது நியாயமா என்றால், பெரும்பாலோருக்கு நியாயமில்லை. சேலத்தில் திருமணப் படமெடுப்பவர்களுக்கு லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் அவர்களிடம் தேவைப்படுவது 70-200 வகை லென்ஸ்களே என்பதால், நீண்ட லென்ஸ்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு போட்டிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். கையில் ஏற்கெனவே பழைய 200-500 இருந்து, கேமராவும் ஓசையில்லாமல் எடுக்கக்கூடியதாக இருந்தால், மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஐம்பது மீட்டர் பின்னால் உட்கார்ந்து பாதங்களைப் படமெடுக்க அது போதும், ஆட்டக்காரருக்கு நெருங்கிய இடங்களில் மட்டும் ஜூம் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுமை குறைவாக வேண்டும் என்பவர்கள் 1,245 கிராம் எடையுள்ள 400 மி.மீ. எஃப் 4.5 லென்ஸைப் பார்க்கலாம். பனியில் அது மேலும் கைகொடுக்கும். ஆனால் ஜூம் இல்லாததால் கிரீனுக்கு வந்ததும் இன்னொரு கேமராவைத் தோளிலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

தம்முடைய ஆட்டத்தைத் திருத்திக்கொள்வதற்காகவே லென்ஸ் தேடுகிறவர்களுக்கு வேறு பரிந்துரை. இந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செலவிடாமல், செல்போனை ஒரு முக்காலியில் கைகளின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாகப் பாதங்களுக்குப் பின்னால் வைத்து, மெதுவோட்டத்தில் எடுத்தால் ஸ்விங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். நிற்கும் கோணத்தைச் சரிபார்க்க, தரையில் இரண்டு மட்டைகளை இணையாகக் கிடத்தினால் போதும். பிறரைப் படமெடுப்பதற்கு மட்டுமே இந்த லென்ஸ் தேவை. அவர்களில் எத்தனை பேர் நம்மைப் போலவே நிற்கிறார்கள் என்பதைப் பார்ப்பது அதனோடு கூட வருகிற பலன்.